நூற்றுப் பன்னிரண்டாவது பெட்டி

பெட்டியில் கனமே இல்லை. காற்றை அடைத்து அனுப்பியதுபோல் இருந்தது.

வேன் வானொலியில் காலையிலிருந்து ஒரே விவாதம்தான். "பெட்டியக் கொண்டுபோய்க் குடுக்கிற வேலைதானே சார்? இதுக்கு இவ்வளவு சம்பளம், காப்பீடு, பென்ஷன் எல்லாம் ரொம்ப ஓவரா இல்ல?" என்றது ஒரு குரல்.

ஓட்டுநருக்குக் கோபம் வரவில்லை. போன வருடம் பதினோரு நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய சம்பளம் நல்ல சம்பளம்தான். பல் வைத்தியத்துக்குக்கூடக் காப்பீடு உண்டு.

வானொலியில் அதற்குப் பதில் சொல்ல வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதற்குள் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

அன்றைய நூற்றுப் பன்னிரண்டாவது பெட்டி. மூன்றாம் மாடி.

கண்ணாடியில் பார்த்து விரலாலேயே தலையைக் கோதிக்கொண்டான். இதற்கு முன் நின்ற நூற்றுப் பதினோரு வாசல்களில் ஒன்றுக்குக்கூட அவன் தலையைக் கோதியிருக்கவில்லை.

இந்த மாதத்தில் இந்த வீட்டுக்கு இது நாலாவது பெட்டி. ஒருமுறை ஊசி வந்தது. ஒருமுறை அழிரப்பர். போன வாரம் இரண்டு சட்டைப் பொத்தான். எல்லாமே வியாழக்கிழமை. இந்தத் தெரு அவன் வண்டிக்கு வருவது வியாழக்கிழமைதான்.

காலையில் கிடங்கில் பெட்டி அடுக்குகிற நண்பன் முகவரியைப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தான். "உன் ஆளு இந்த வாரமும் விடல போல."

படியேறும் சத்தத்திலேயே கதவு திறந்துவிட்டது.

"வந்துட்டீங்களா? தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

கையெழுத்து வாங்க வைத்திருந்த கருவியில் நேரம் ஓடத் தொடங்கியது. ஒரு வாசலுக்கு மூன்று நிமிடம். தாண்டினால் திரை சிவக்கும். சிவந்தால் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்.

காலணியைக் கழற்றவே அரை நிமிடம் போயிற்று. கழற்றினான்.

உள்ளே திரைச்சீலை மதிய வெயிலை வடிகட்டி மஞ்சளாக ஊற்றிக்கொண்டிருந்தது. சுவர், தரை, கொடியில் காய்ந்த துண்டு, எல்லாம் அந்த மஞ்சளில் லேசாக மிதந்தன. தரையில் விரித்த மெத்தையில் நாலு வயதுக் குழந்தை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது.

தண்ணீர் வாங்கும்போது அவன் கட்டைவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை அவள் பார்த்தாள். விரலைப் பிடித்து, திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள்.

மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஒரு நிமிடம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மின்விசிறியின் சத்தம் எங்கேயோ ஓடும் தண்ணீரின் சத்தமாக மாறியது. மெத்தை கரையைவிட்டு மெல்ல நகர்ந்தது. காலையிலிருந்து அவன் தட்டிய கதவுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தாமே திறந்துகொண்டன. எந்த வாசலிலும் ஆள் இல்லை. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் இதே மஞ்சள் வெளிச்சம், இதே மூச்சுச் சத்தம். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

கருவி அதிர்ந்தது. கண் விழித்தான். திரை சிவந்து கிடந்தது.

எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கருவியை மெத்தைமேல் கவிழ்த்து வைத்தான்.

அந்த அதிர்வில் குழந்தை கண்ணைத் திறந்தது. அவனை வெகுநேரம் பார்த்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தது, வெளியே உண்மையிலேயே பகல்தானா என்று நிச்சயம் செய்துகொள்வதுபோல.

"அப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

சுவரில் சாய்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

இந்த யோசனையே அவளுடையதுதான். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் விடியுமுன் கிளம்பி, மகள் தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவன் அவன். அவன் சம்பளத்திலேயே வாரம் ஒரு பொருள் வாங்கினால், அந்தப் பெட்டியோடு பகலில் அவனும் வந்து சேருவான் என்று கணக்குப் போட்டிருந்தாள். இதுவரை வந்த மூன்று வியாழக்கிழமையும் மகள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"ஆமாம்மா," என்றான் கடைசியில்.

மகள் நம்பிவிட்டாள். ஊர்ந்து வந்து மடியில் ஏறிக்கொண்டாள். பள்ளியில் எவனோ ஒருவன் மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்ட கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். கதை நீளமானது. நடுவில் இரண்டு இடத்தில் மறந்துபோய் மறுபடி ஆரம்பத்துக்கே போனது. அவன் முழுதும் கேட்டான்.

படியிறங்கும்போது பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

வண்டியில் ஏறியதும் கருவி கேட்டது: தாமதத்துக்குக் காரணம் என்ன?

கீழே நான்கு பதில்கள் இருந்தன. போக்குவரத்து நெரிசல். மழை. லிஃப்ட் பழுது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடைசியில் இருந்ததைத் தொட்டான்.