கமறியாவின் மூன்று வரி

கமறியா வாசித்தாள். நஸார் கம்ப்யூட்டரில் தட்டினார்.

தாளில் பென்சில் எழுத்து மங்கிப்போயிருந்தது. அவள் கையெழுத்தை அவளைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியாது.

ஹட்டன் பஜாரில், மாடியில் இருக்கும் அவர்களுடைய கம்ப்யூட்டர் கடைக்கு அன்று மழையால் ஒருவரும் வரவில்லை. கணவனும் மனைவியும் ஒரே மேசையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தாளின் மேல்மூலையில் சிவப்பு மையில் ஒரு சைபர் இருந்தது.

அதைப் போட்டவர் நஸார்தான்.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் டவுனில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் வகுப்பில் அவர் உதவி ஆசிரியர். அவள் மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள். வகுப்புக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். சொல்லிக்கொடுத்தது ஃபோர்த் என்ற மொழி. அதை எழுதுகிறவர்கள் உலகத்தில் அப்போதே குறைவு. ஆனால் பெரிய ஆசிரியரிடம் இருந்த டிஸ்க்கில் அதுதான் இருந்தது.

மற்றவர்கள் திணறினார்கள். இரண்டு, மூன்று என்று எண்களை முதலில் சொல்லிவிட்டு, கூட்டு என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். கமறியாவுக்கு அது வீட்டில் பேசுகிற மாதிரியே இருந்தது. நாமும் வினையைக் கடைசியில்தானே சொல்கிறோம் என்றாள்.

பரீட்சைக்கு முந்திய வாரம் டிஸ்க்கில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. விடையைத் தாளில் எழுதச் சொன்னார்கள். ஓட்டினால் திரையில் நட்சத்திரக் குறிகளால் ஒரு வைர வடிவம் வரும்படி புரோகிராம் எழுத வேண்டும்.

எல்லோரும் ஒரு பக்கம் எழுதினார்கள். கமறியா மூன்று வரி எழுதினாள்.

ஓடாது என்று நஸார் சைபர் போட்டார். ஓடும் என்றாள் அவள். ஓட்டிப் பார்க்க வழியில்லை. சான்றிதழும் இல்லை, அதை நம்பிச் சொல்லிவைத்திருந்த ஒரு கந்தோரில் கிளார்க் வேலையும் இல்லை.

எட்டு மாதம் கழித்து நஸாரின் உம்மா பெண் கேட்டுப் போனபோது, கமறியா ஒரு நிபந்தனை போட்டாள். அந்த மூன்று வரியை அவர் என்றைக்காவது ஓட்டிக் காட்ட வேண்டும்.

நஸார் தேடாமல் இல்லை. அந்த மொழியை வரிவரியாக வாசித்துக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் இன்டர்பிரிட்டர் வேண்டும். இணையத்தில் கிடைத்த புதியவை பழைய சொற்களில் பாதியை ஏற்கவில்லை. ஒன்று வைரஸோடு வந்து கடை லெப்டொப்பை ஒரு கிழமை படுக்க வைத்தது. போன வாரம்தான், ஜெர்மனியில் ஓய்வுபெற்ற ஒருவர் அதே பழைய பதிப்பை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருப்பதைக் கண்டார்.

மூன்றாவது வரி முடிந்தது. என்டரை அவளையே அழுத்தச் சொன்னார்.

ஒரு நட்சத்திரம். மூன்று. ஐந்து. ஏழு.

ஐந்து. மூன்று. ஒன்று.

கமறியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நஸார் சிவப்புப் பேனாவைத் தேடியெடுத்து, சைபருக்கு முன்னால் ஒரு ஒன்றும் இன்னொரு சைபரும் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டுத் திகதியும் இட்டார்.

“நான் போட்டது பிழை” என்றார்.

அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு இறங்கிப் போனார்.

பேராதனையில் படிக்கும் மகள் நதாவுக்கு இதை வீடியோ எடுத்து அனுப்ப கமறியாவுக்கு ஆசை வந்தது. போனைச் சாய்த்து வைத்து, தாளைப் பார்த்துத் தானே முதலிலிருந்து தட்டினாள்.

பிழை என்று வந்தது.

எங்கேயோ கை தவறியிருக்கும் என்று திரும்பத் தட்டினாள். திரும்பவும் அதே.

அவர் தட்டிய மூன்று வரியும் திரையின் மேல்பக்கத்தில் அப்படியே இருந்தன. விரலை வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்த்தாள்.

கடைசி வரியின் நடுவில் ‘டப்’ என்று ஒரு சொல் இருந்தது. அந்த மொழியில் ஓர் எண்ணை ஒரு தடவை பயன்படுத்தினால் அது தீர்ந்துபோகும். இன்னொரு தடவை வேண்டுமென்றால், முன்கூட்டியே பிரதி எடுத்துவைக்கும்படி சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கான சொல் அது.

தாளில் அது இல்லை. அவள் அதை வாசிக்கவும் இல்லை.

கமறியா சிவப்பு மையில் மாற்றிய மார்க்கைத் திரும்பப் பார்த்தாள். பிறகு, ஆளில்லாத கடையில் தனியாக, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

மூன்றாவது தடவை அந்தச் சொல்லையும் சேர்த்துத் தட்டினாள். வைரம் வந்தது. வீடியோ நதாவுக்குப் போனது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் திரையில் இருந்ததையெல்லாம் அழித்தாள்.

நஸார் சூடான வடைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். மகளுக்கு வீடியோ அனுப்பினேன் என்றாள். அவர் கை பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றது. நான் தட்டியதை அப்படியே அனுப்பினாயா, புதிதாகத் தட்டினாயா என்று மெதுவாகக் கேட்டார்.

“தாள்ல இருக்கிற மாதிரியே தட்டினேன்” என்றாள் கமறியா. “ஓடிச்சு.”