கைவசம் ஒரு லீவு

"தபசுக்கு மறுநாள் லீவு கிடையாது."

எட்மாஸ்டர் ஜெயசிங் ஒரே போடாகப் போட்டதும் நாலாம் வகுப்பு வாத்தியார் சங்கரசுப்புவுக்கு மண்டை சுர்ரென்றது.

"ஏன் சார், நம்ம இஷ்டத்துக்கு விட்டுக்கிடலாம்னு ஜில்லா போர்டுல குடுத்த லீவுல இன்னும் ஒரு நாள் மிச்சம் இருக்குல்லா?"

"இருக்கு. அது வேற காரியத்துக்கு வேணும்."

"அப்படி என்ன காரியம் சார்?"

"வரும்போது தெரியும்வே. போயி வகுப்பைப் பாரும்."

வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த வருஷம் அது. சங்கரசுப்புவின் கவலையோ சிவகிரியில் இருந்தது. ஆடித் தபசு பார்க்க மாமனார் வில்வண்டி பூட்டிக்கொண்டு வருகிறார். மறுநாள் மகளையும் மருமகனையும் அதே வண்டியில் கூட்டிப்போய் விருந்து வைக்க ஏற்பாடு. அதை நம்பி மனைவி சுப்புலட்சுமி தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டாள். இப்போது எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

ஆற்றமாட்டாமல் ஆசிரியர் அறைக்கு வந்து கொட்டித் தீர்த்தார்.

"எல்லாம் எனக்குத் தெரியும்யா. அவுக வேதக்காரவுக. மாதாகோயில்ல எல்லாருக்கும் சோறு போடுற அசனப் பண்டிகை வருதுல்லா? அதுக்குத்தான் பதுக்கி வச்சிருக்காரு. நம்ம கோமதியம்மன் திருநாள்னா அவருக்கு இளக்காரமாப் போச்சு!"

ஒண்ணாம் வகுப்பு டீச்சர் மைமூனம்மாள் என்னவோ சொல்ல வந்தவள், சொல்லாமல் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தபசு அமர்க்களமாக நடந்தது. சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியும் வத்தலுமாக அள்ளி வீசி அம்மனுக்குச் சூறை விட்டார்கள். ஊரே கொண்டாடியது. மறுநாள் காலையில் மாமனார் வெறும் வண்டியோடு சிவகிரிக்குத் திரும்பினார்.

"நீயாவது போயிட்டு வாயேன்" என்றார் சங்கரசுப்பு.

"ஒத்தையில போயி நின்னா எங்க ஊர்ல என்ன நினைப்பாவ? உங்களுக்கும் எனக்கும் சண்டைன்னுல்லா பேசுவாவ!"

போகாமல் இருந்ததில்தான் சண்டை வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ரசம், துவையல். துவையல், ரசம். ஒவ்வொரு வாய்க்கும் சங்கரசுப்பு எட்மாஸ்டரைத் திட்டித் திட்டியே விழுங்கினார்.

ரம்ஜான் லீவு வந்தது. புதன்கிழமை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பியூன் கருத்தப்பாண்டி தெருவில் ஓட்டமாக வந்தான்.

"சார்! நாளைக்கும் லீவு! எட்மாஸ்டர் சொல்லச் சொன்னாரு!"

"எதுக்குடே?"

அவன் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். எதுக்காக இருந்தால் என்ன? ரெண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு!

"ஏட்டி சுப்பு! பொட்டியக் கட்டு! சிவகிரிக்குப் போறோம்!"

பல நாளைக்கு அப்புறம் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் சங்கரசுப்புவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மத்தியானம் புளியங்குடிக்குப் போகிற, அடுப்புக்கரி போட்டு ஓட்டும் கரி பஸ்ஸில் ஏறினால், முன் சீட்டில் மைமூனம்மாள், ரெண்டு பிள்ளைகளோடு.

"என்ன டீச்சர், பெருநாளும் அதுவுமாப் பயணம்?"

"பெருநாள் நாளைக்குல்லா சார். நேத்துப் பிறை தெரியலையே! கடையநல்லூர்ல உம்மா வீட்டுக்குப் போறோம்."

சங்கரசுப்புவுக்கு மெல்ல உறைத்தது. "அப்போ நாளைக்கு விட்ட லீவு..."

"பெரிய சார் கையில வச்சிருந்தாவள்லா, அந்த நாள்தான். போன வருசமும் இதே கூத்துதான் சார். லீவு விட்டது ஒரு நாளு, பிறை தெரிஞ்சு பெருநாள் வந்தது மறுநாளு. நல்ல நாளும் அதுவுமா எங்க தெருப் பிள்ளைக புதுச்சட்டையப் போட்டுக்கிட்டு வகுப்புல வந்து வாய்ப்பாடு சொல்லிச்சு. பெரிய சாரு அதைப் பார்த்துட்டுப் பேசாமப் போனாவ. இந்த வருசம் முதல்லயே ஒரு நாளைப் பிடிச்சு வச்சிட்டாவ."

"அப்படின்னா அசனத்துக்கு?"

"அன்னைக்கு என்னைக்கு சார் லீவு விட்டாவ? போன வருசம் அவுக வீட்டுல இருந்து வந்த அசனச் சோத்தைப் பள்ளிக்கூடத்துல வச்சு நீங்கதானே ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீக!"

சுப்புலட்சுமி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கு முன்னயே தெரியும்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா, டீச்சர்?" என்றார் அங்கே பார்த்தபடியே.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க இருந்த கோவத்துல வாய் வரல. நேரா பெரிய சார்ட்ட போயி, 'எங்களுக்கு வேண்டாம் சார், அந்த நாளைத் தபசுக்கே குடுத்திருங்க. சங்கரசுப்பு சாரோட மாமனார் வண்டி பூட்டிட்டு வாராவளாம், பாவம்'னேன்."

சங்கரசுப்பு சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினார்.

"நீங்களா? எனக்காகவா கேட்டீக?" என்றார். "அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

மைமூனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"'மாமியார் வீடு எங்கயும் ஓடிராதும்மா, என்னைக்குப் போனாலும் கோழி அடிப்பாவ. பிள்ளைகளுக்குப் பெருநாள் போனா, அடுத்த வருசம்தான் வரும்'னாவ."