தலையணையில் கிடந்த கல்

காலையில் கணவனின் தலையணையில் அந்தக் கல் கிடந்தது. பயறளவுதான். பார்த்ததும் அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அது மீனின் காதுக்குள் இருக்கும் கல். பாறையில் கிடைக்கும் அப்படிப்பட்ட கற்களைப் பார்த்து, என்றோ அழிந்துபோன மீன் எது என்று சொல்வதுதான் அவள் வேலை. ஆய்வகத்தில் ஒன்று குறைந்தாலும் வேலை போய்விடும்.

"போன வாரம் என்னைக் கூட்டிட்டுப் போக வந்தப்ப எடுத்தீங்களா?"

"என்னது? சத்தமாப் பேசு. வலது காது அடைச்சுக் கிடக்கு."

இன்னொரு முறை கத்திக் கேட்டாள்.

"ஆமா, உன் மீன் கல்லைத் திருடி மோதிரம் பண்ணிப் போட்டுக்கப் போறேன்!"

கிண்டல் பேசி மழுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். கற்களை வைக்கும் பெட்டியில் எதுவும் குறையவில்லை. கல்லை நுண்ணோக்கியில் வைத்தாள். அதன்மேல் ஓடிய பள்ளம் வளைந்த விதத்திலேயே இனம் தெரிந்துவிட்டது. அந்த மீன் அழிந்து பல லட்சம் வருடங்கள் ஆகின்றன. பெட்டியிலிருந்த கற்களெல்லாம் பாறையில் கிடந்து ஏறிய பழுப்பு. இது புத்தம் புதிதாய், பால் வெள்ளை. வலது காதுக் கல்.

வேறெங்கோ கை வைத்திருக்கிறான் என்ற சந்தேகத்தோடு வீடு திரும்பினாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. அவன் மண்டியிட்டு, வாளித் தண்ணீருக்குள் கழுத்துவரை தலையை முக்கியிருந்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"எங்கேதான் திருடினீங்க?" என்று வாசற்படியில் நின்று தனக்குள் முணுமுணுத்தாள்.

வாளிக்குள் இருந்த தலை, இல்லை என்று மெல்ல ஆடியது.