அசையாத இடம்

ஆய்வகத்தில், இழுத்துக் கட்டிய கம்பியின் மேல் இரண்டு காகிதத் துண்டுகளை மடித்து, குதிரையில் ஏற்றுவது போல உட்கார வைத்தார் ஆசிரியை. ஒன்று காலண்டர் தாள், இன்னொன்று செய்தித்தாள். கம்பி அதிர்ந்ததும் செய்தித்தாள் துள்ளி விழுந்தது. காலண்டர் தாள் ஆடவே இல்லை.

“உட்காரக்கூடத் தெரியல உனக்கு. எல்லாத்துக்கும் மன உறுதி வேணும்,” என்று அது செய்தித்தாளைப் பார்த்துச் சிரித்தது.

ஆசிரியை இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். கம்பி முன்பு போலவே அதிர்ந்தது. இந்த முறை காலண்டர் தாள் தூக்கியெறியப்பட்டுத் தரையில் போய் விழுந்தது.

“இந்த இடத்துல கம்பி அசையவே மாட்டேங்குதே,” என்று மேலே செய்தித்தாள் ஆச்சரியப்பட்டது. பிறகு கீழே எட்டிப் பார்த்து, “அடி பட்டுடுச்சா?” என்று கேட்டது.

அது சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது காலண்டர் தாளுக்கு.