பாதிக்குப் பாதி

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க பொண்ணுக்குப் பாதின்னா என்னன்னே பிடிபடலை."

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். கேட்ட அப்பாவுக்குத்தான் சுருக்கென்றது. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். அந்தக் கோலத்தில் ஒரு மனுஷன் எவ்வளவு கௌரவத்தைத்தான் காப்பாற்றிக்கொள்ள முடியும்?

அவர் சர்வேயர். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள் என்றால், அவர் வந்து கோடு போட்ட பிறகுதான் இரண்டு பேரும் வாயை மூடுவார்கள். இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை என்ற பேச்சே கிடையாது. அப்பேர்ப்பட்டவர் பெற்ற பெண்ணுக்குப் பாதி தெரியாதாம்!

"இந்தப் படப் புத்தகத்தை வச்சுத்தான் சார் சொல்லித் தர்றேன்" என்று டீச்சர் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். "கரடி கேக் வெட்டுது. முயலுக்குப் பாதி, அணிலுக்குப் பாதி. அதெல்லாம் டக்கு டக்குனு சொல்லிடறா. கடைசிப் பக்கத்துல, 'இப்போ நீயும் அம்மாவும்'னு வருது பாருங்க. அங்கதான் சொதப்பறா. முழுக் கேக்கையும் அம்மாவுக்கே குடுத்துடறா. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்."

"புத்தகத்தைக் குடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்று விறைப்பாக எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

சாயந்திரம் சாப்பாட்டு மேஜையில் பாடம் ஆரம்பமாயிற்று. எதிரே வாண்டு, காலை ஆட்டிக்கொண்டு.

கரடியின் வசனத்தைக் குரலை மாற்றி வாசித்தார். அது எல்லைக்கல் தகராறில் தீர்ப்புச் சொல்வதுபோல் இருந்தது.

"கரடி இப்படிப் பேசாதுப்பா."

"எப்படியோ பேசிட்டுப் போகட்டும். நீ கேக்கைப் பாரு."

முயல், அணில் இரண்டுக்கும் வாண்டு சரியாகப் பிரித்தாள். ஆனாலும் படத்தில் பிரிப்பதெல்லாம் ஒரு பிரிப்பா? ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலையும் இரண்டு டம்ளர்களையும் எடுத்து வைத்தார்.

"இது உனக்கும் எனக்கும். ஊத்து பார்க்கலாம்."

வாண்டு நாற்காலியில் மண்டியிட்டாள். ஒரு டம்ளரில் ஊற்றினாள், இன்னொன்றில் ஊற்றினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பார்த்தாள். அப்பா டம்ளரில் துளி அதிகம். ஸ்பூனால் அள்ளித் தன் டம்ளருக்கு மாற்றினாள். மறுபடி பார்த்தாள்.

அவரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இம்மியளவு பிசகில்லை.

"அடி சக்கை! இங்க பாரு, யாரு பொண்ணு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மனைவி, அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெற்றிக் களிப்பில் தன் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். வாண்டும் குடித்து முடித்தாள்.

"சரி, இப்போ உனக்கும் அம்மாவுக்கும் ஊத்து."

மீதி ஜூஸ் முழுவதையும் ஒரே டம்ளரில் விளிம்பு வரை ஊற்றிவிட்டு, காலி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டாள் வாண்டு.

"என்னடி இது?"

"பாதிப்பா."

"எது பாதி?"

"இனிமேதான் வரும்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி கரடி, மறுபடி கேக். சட்டைப் பையிலிருந்த அளவு டேப்பைக்கூட உருவி மேஜை மேல் நீட்டி, மடித்துக் காட்டினார். வாண்டு மிகுந்த பொறுமையோடு கேட்டுக்கொண்டாள். டம்ளர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"எங்க பக்கத்துல யாருக்கும் கணக்கு இப்படி மோசமில்லைப்பா!" என்றார், உள்ளே காதில் விழும்படி.

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மனைவி வெளியே வந்தாள். தோளில் நாலு துண்டு.

வாண்டு டம்ளரை நீட்டினாள். "அம்மா, உங்களுக்கு."

"எனக்கா? அப்பாடா, தொண்டை வறண்டு கிடக்குடி." வாங்கியவள், வாயில் வைப்பதற்கு முன்னால், பக்கத்திலிருந்த காலி டம்ளரில் பாதியைச் சரித்தாள். அதை வாண்டு பக்கம் தள்ளிவிட்டு, தன்னதைக் குடித்தபடியே துண்டுகளை அடுக்கப் போய்விட்டாள். என்ன செய்தோம் என்று அவளே கவனித்ததாகத் தெரியவில்லை.

"வந்துடுச்சு பாருங்க, பாதி" என்றாள் வாண்டு.

அவர் டம்ளரையே பார்த்தார். "அம்மா குடுப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் குடுப்பாங்களே. நான் பாதி குடுத்தா, அதுலயும் பாதி எனக்கே வந்துடும். அப்புறம் அம்மாவுக்குக் கொஞ்சூண்டுதான் இருக்கும். முழுசா குடுத்தாத்தான்பா சரியா வரும்."

அவர் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். பாதியில் பாதி, கால். அப்படியானால் பிள்ளைக்கு முக்கால், பெற்றவளுக்குக் கால். கணக்கு அப்பழுக்கில்லாமல் சரி. இத்தனை வருஷமாக அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சர்வேயர் கண்ணில்தான் அது பட்டதில்லை.

நாளைக்கு முதல் வேலையாக டீச்சரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் தீனி தேவைப்பட்டது.

"ஏன்டா கண்ணு, எனக்கு ஊத்தும்போது மட்டும் அவ்வளவு கரெக்டா அளந்தியே, அது எப்படி?" என்று கேட்டார். 'உங்க பொண்ணாச்சே' என்ற பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார்.

வாண்டு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் திருப்பி ஊத்த மாட்டீங்களேப்பா."