மெழுகு ஊற்றிய ஜாடி

"இந்தக் கிறிஸ்துமஸோட இந்த ஜாடிக்கு ஒரு முடிவு கட்டறேன்" என்றபடி, உருகிய மெழுகில் மரிக்கொழுந்து எண்ணெயைக் கலந்தாள் பிரபா.

பக்கத்து வீட்டு அம்சவல்லி சுண்டல் போட்டு அனுப்பிய விருத்தாசலம் பீங்கான் ஜாடி அது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது முறையா? பிரபா கேக் வைத்துக் கொடுத்தாள். மறுவாரமே அது அதிரசத்தோடு வந்தது. லட்டோடு போனது, முறுக்கோடு வந்தது. கணவன் ஜெயராஜுக்குச் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

"வாசனை மெழுகுவர்த்திய ஜாடிக்குள்ளயே ஊத்திட்டா, அப்புறம் எதையும் நிரப்ப முடியாதுல்ல?"

"கெட்டிக்காரிடி நீ!" என்றான் ஜெயராஜ்.

கிறிஸ்துமஸ் அன்று ஜாடி போனது. மறுநாள் அம்சவல்லியே அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே சோமாசி!

"வெந்நீர்ல வச்சு மெழுக உருக்கி எடுக்கறதுக்குள்ள உசுரே போயிடுச்சு பிரபா."

பிரபாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, உங்க ஜாடிய நீங்களே வச்சுக்கக் கூடாதா?"

"எங்க ஜாடியா? மதில் மேல காலியா இருந்துது. உன்னுதுன்னுதானே சுண்டல் போட்டுக் குடுத்தேன்!"

மாடிவீட்டு வேல்விழி எட்டிப் பார்த்தாள். "அட, அது நான் மறந்து வச்ச ஜாடி!"

இருவரும் பாய்ந்துபோய், சோமாசியோடு ஜாடியை அவள் கையில் திணித்தார்கள். பிரபா அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினாள்.

சாயங்காலம் வேல்விழி வந்து நின்றாள். இரண்டு கையிலும் இரண்டு புது ஜாடிகள்.

"சோமாசிய சும்மா வாங்கிக்க முடியுமாக்கா? ஆளுக்கொரு ஜாடி பால்கோவா. அவசரமில்ல, ஜாடிய மெதுவா திருப்பிக் குடுங்க."