ஆறு மூட்டைச் சேவல்

சேர்ச்சில் பெண்கள் பக்கத்து முன்வரிசையில் ஜெயரூபி முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிவிட்டார்கள்.

ஆண்கள் பக்கத்தில் இருந்த அவள் புருசன் பாலனும் அதைக் கண்டான். அழட்டும், வடிவா அழட்டும் என்று பல்லைக் கடித்தான். பீடத்துக்கு முன்னால், பூசணிக்காய்களுக்கும் வாழைக்குலைகளுக்கும் நடுவில், காலில் கயிற்றோடு நின்றது அவனுடைய சேவல்.

சும்மா சேவல் இல்லை. பெயர் சேர்மன். பாலன் சாப்பிடும்போது பக்கத்துக் கதிரையில் அதுவும் ஏறி இருக்கும். அவனுக்கு மீன் பொரியல் என்றால் அதற்கும் ஒரு துண்டு. மனுசிக்குக் காய்ச்சல் வந்தபோது பனடோல் வாங்கவே யோசித்த மகராசன், சேர்மன் இரண்டு தரம் தும்மியதற்கு வவுனியாவிலிருந்து மிருக வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, எதைவிட உனக்கு மனமில்லையோ அதுதான் உன் கடவுள் என்று போதகர் பிரசங்கத்தில் சொல்லித் தொலைத்துவிட்டார். ஜெயரூபி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பண்டிகையன்று விடிய, பாலன் கிணற்றடியில் குளித்துவிட்டு வருவதற்குள் சேவலைக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைத்துவிட்டாள்.

வைத்த காணிக்கையைத் திருப்பி எடுக்க ஓமந்தைப் பக்கத்தில் எவனுக்கும் துணிவு கிடையாது. ஆராதனை முடிந்து நடக்கும் ஏலத்தில் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். அந்த ஏலமும் காசுக்கு இல்லை, நெல்லுக்கு. வயல் வெட்டிய கையோடு வருகிற பண்டிகை. வீட்டில் மூட்டை இருக்கும், பையில் காசு இருக்காது.

சேருகிற நெல் முழுவதும் இந்தமுறை தங்கம்மாவுக்கு என்று போதகர் அறிவித்தார். போன கிழமை யானை வந்து அவளுடைய வீட்டுச் சுவரை உடைத்து, சாப்பாட்டுக்கு வைத்த நெல்லையும் விதைநெல்லையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மூன்று பிள்ளைகளோடு தறப்பாள் கொட்டிலில் இருக்கிறாள். சிறுபோகத்துக்கு விதைக்க ஒரு மணி இல்லை.

பாலன் வீட்டில் ஓர் அறை முழுக்க மூட்டைகள். விலை ஏறட்டும் என்று அடுக்கி வைத்திருந்தான். தங்கம்மாவுக்காகப் போதகர் வாசலில் வந்து நின்றபோது, "அவாவை ஆண்டவர் பாப்பார் ஐயா" என்று பெரிய விசுவாசத்தோடு கையை விரித்தவன். காணிக்கைப் பைக்குள் அவன் கை மூடியபடி போகும், மூடியபடியே வெளியில் வரும். உள்ளே ஏதாவது விழுந்ததா என்று பைக்கும் தெரியாது.

ஏலம் சேர்மனிடம் வந்தது. பேதுருவைத் திருத்தியதும் ஒரு சேவல்தான் என்று போதகர் தொடங்க, சனம் சிரித்தது. பாலன் அரை மூட்டை என்றான். ஒரு சேவலுக்கு அதற்கு மேல் எந்தப் பைத்தியம் கேட்கப்போகிறது?

கமலாசனி கேட்டாள். சந்தியில் சைவக்கடை வைத்திருக்கிறவள். கோயிலோ சேர்ச்சோ, ஏலம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். ஒரு மூட்டை என்று சொன்னதோடு விடாமல், எழுந்துபோய்ச் சேர்மனின் தொடையை அமுக்கிப் பார்த்தாள்.

"சட்டிக்கு ஏத்த சாமான்," என்றாள்.

பாலன் கையைத் தூக்கிவிட்டான். இரண்டு என்றான். அவள் மூன்று என்றாள். அவன் நாலு என்றான். கமலாசனி முந்தானையால் விசிறிக்கொண்டு, ஒரு பிளேன்டீ சொல்வதுபோல ஐந்து என்றாள்.

அறைக்குள் இருந்த மூட்டைகள் ஒவ்வொன்றாக அவன் கண்முன்னால் எழும்பி நடந்தன. சைவக்கடைக்காரிக்குச் சேவல் எதற்கு, இவளுக்கு என்ன பேய் பிடித்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. சேர்மன் கழுத்தைச் சரித்து அவனையே பார்த்தது.

"ஆறு," என்றான் பாலன். எழுந்தே நின்றுவிட்டான்.

கமலாசனி விசிறுவதை நிறுத்தினாள்.

"சரி, தம்பி ஆசைப்படுறார். நான் விடுறன்."

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. போதகர் இறங்கிவந்து பாலனைக் கட்டிப்பிடித்தார். தங்கம்மா அவன் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, இந்தப் போகம் என்ர வயல் தரிசாக் கிடக்காது தம்பி என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

முதலில் பாலன் மனதுக்குள் ஆறு மூட்டையின் விலையைக் கணக்குப் போட்டான். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோசமாகத்தான் இருந்தது. ஊர்ச்சனம் அவனைப் பார்த்து இப்படி முகம் மலர்ந்து அவன் கண்டதே இல்லை. சாட்சி சொல்லும்படி கேட்டார்கள். சேவலை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"பொருள் பண்டத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு என்னத்தைக் காணப்போறம்," என்றான். "மற்றவைக்காக வாழவேணும்."

சேர்மன் ஒரு கூவல் கூவியது. சனம் ஆமென் சொன்னது.

பின்னேரம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து ஆறு மூட்டையையும் தங்கம்மா வளவுக்கு ஏற்றிக்கொண்டு போனது. பாலன் முற்றத்தில், சுற்றிவந்த கடுதாசி கூடக் கிழிக்காத தன் புது மோட்டச்சைக்கிளின் சீற்றில் சேர்மனை ஏற்றி வைத்துவிட்டு, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜெயரூபி குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் முக்காட்டுக்குள் அடக்கிய சிரிப்போடு போனை எடுத்தாள்.

"கமலாக்கா, நான் சொன்ன ஆறிலயே சரியா விட்டிட்டியள், அடுத்த வருசம் இவற்ற மோட்டச்சைக்கிளைக் காணிக்கையா வைப்பம்."